கொடுத்தார்களா, ஒப்புக்கொண்டார்களா? இயற்கை உரிமை பற்றி ஓர் எளிய விளக்கம்

டிவி விவாதங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "அரசியல் சாசனம் எனக்குக் கொடுத்த உரிமை." ஆளுங்கட்சிக்காரரும் சொல்வார், எதிர்க்கட்சிக்காரரும் சொல்வார், நடுவில் உட்கார்ந்திருக்கும் வக்கீலும் சொல்வார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் 'கொடுத்த' என்ற சொல் கொஞ்சம் ஆபத்தானது. கொடுத்த பொருளைக் கொடுத்தவர் திரும்பக் கேட்கலாம். நம் நாட்டில் ஒருமுறை அப்படித் திரும்பக் கேட்டார்கள், நாட்டின் உச்ச நீதிமன்றமும் "ஆமாம், கேட்கலாம்" என்றது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு குழப்பம். ஹெல்மெட் போடச் சொன்னால் "என் தலை, என் உரிமை" என்பவர்கள், வரி கட்டச் சொன்னால் "என் காசு, என் சுதந்திரம்" என்பவர்கள். இவர்கள் 'இயற்கை உரிமை' என்பதைப் பிடிக்காத சட்டத்தையெல்லாம் மீறுவதற்கான பாஸ் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு பேருக்கும் பிடி கிடைக்காத விஷயம் ஒன்றுதான். சட்டம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. படிக்காத மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

ரேஷன் கார்டும் பிறப்புச் சான்றிதழும்

பெரும்பாலான வீடுகளில் இவை இரண்டும் ஒரே பிளாஸ்டிக் கவரில்தான் இருக்கும். ஆனால் வேலை வேறு.

ரேஷன் கார்டு ரத்தானால் அடுத்த மாதம் அரிசி கிடையாது. மாதம் இத்தனை கிலோ, இந்தக் கடையில், இந்த விலையில் என்ற உரிமையை உண்டாக்கியதே அரசின் திட்டம்தான். திட்டம் மாறினால் உரிமையும் மாறும்.

பிறப்புச் சான்றிதழ் அப்படியில்லை. பிள்ளை முதலில் பிறக்கிறது, அப்புறம்தான் பதிவு. அந்தத் தாளைக் கரையான் அரித்துவிட்டால் அலைச்சல் நிச்சயம். ஆனால் தாள் போனதால் "நீங்கள் பிறக்கவே இல்லை" என்று எந்த ஆபீசிலும் சொல்ல முடியாது. (சொல்லக்கூடிய ஆபீஸ்களும் உண்டு, அதை விடுங்கள்.)

அரசு உண்டாக்கித் தருவது சட்ட உரிமை. மனிதராக இருப்பதாலேயே நம்மிடம் இருப்பது இயற்கை உரிமை. உயிரோடிருப்பது, கட்டிவைக்கப்படாமல் இருப்பது, மனதில் பட்டதை நினைப்பது போன்றவை இரண்டாவது வகை. இவற்றைச் சட்டம் பதிவு செய்கிறது, வேலி கட்டுகிறது, அடுத்தவர் உரிமையோடு மோதும் இடத்தில் எல்லைக்கல் நடுகிறது. உண்டாக்குவதில்லை.

இது ஏதோ கவிதை வரி மாதிரித் தோன்றலாம். "சரி, என்ன பெயர் வைத்தால் என்ன, கடைசியில் போலீஸ் வந்து பிடித்தால் பிடித்ததுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயரில் உள்ள வித்தியாசம் கோர்ட்டுக்குள் போனதும் நடைமுறை வித்தியாசமாக மாறிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

யார் காரணம் சொல்ல வேண்டும்?

தெருவில் நடந்து போகிறீர்கள். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "இந்தத் தெருவில் நடக்க உனக்கு எந்தச் சட்டம் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சரியான கேள்வி அந்தப் பக்கம் இருந்து வரக் கூடாது, இந்தப் பக்கம் இருந்து போக வேண்டும்: "என்னை நிறுத்த உங்களுக்கு எந்தச் சட்டம் அனுமதி கொடுத்தது?"

இயற்கை உரிமை என்ற கருத்து செய்யும் வேலையே இதுதான். காரணம் சொல்லும் சுமையை அது அரசின் தலையில் ஏற்றுகிறது. சுதந்திரமாக இருப்பவன் எதையும் நிரூபிக்க வேண்டாம். பிடித்து வைப்பவன்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கோர்ட்டில் கேட்க ஒரு கருவி இருக்கிறது: ஆட்கொணர்வு மனு. ஒருவரை யாராவது பிடித்து வைத்திருந்தால், அவரை நீதிபதி முன்னால் நிறுத்தி, எந்த அதிகாரத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லச் செய்யும் மனு. சொல்லும் காரணம் நிற்கவில்லையென்றால் ஆளை விட்டுவிட வேண்டும்.

இந்த மனுவின் வரலாற்றில் புகழ்பெற்ற வழக்கு ஒன்று லண்டனில் 1772இல் நடந்தது. ஜேம்ஸ் சாமர்செட் என்ற ஆப்பிரிக்க அடிமையை அவருடைய எஜமானர் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு அழைத்து வந்திருந்தார். 1771இல் சாமர்செட் தப்பிப் போனார். ஆள் வைத்துப் பிடித்து, ஜமைக்காவுக்குப் புறப்படவிருந்த கப்பலில் சங்கிலி போட்டு வைத்தார்கள். அங்கே விற்றுவிடுவது திட்டம். ஆட்கொணர்வு மனு தாக்கலாகி வழக்கு தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்ட் பிரபுவிடம் வந்தது. அடிமைமுறை மிக அருவருப்பானது. எழுதிவைத்த சட்டம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அதைத் தாங்கி நிறுத்த முடியாது. அப்படி ஒரு சட்டம் இங்கிலாந்தில் இல்லை. எனவே ஆளை விடுங்கள் என்றார் அவர்.

அந்தத் தர்க்கத்தில் கவனிக்க வேண்டியது அதன் திசை. "சாமர்செட் சுதந்திரமானவன் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று நீதிபதி கேட்கவில்லை. "இவன் அடிமை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். விடை கிடைக்கவில்லை, சங்கிலி கழன்றது. (அன்றோடு அடிமைமுறை ஒழிந்துவிட்டதாகச் சிலர் எழுதுவார்கள், அது தவறு. காலனிகளில் அது தொடர்ந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒழிப்புச் சட்டம் போட 1833 ஆகிவிட்டது.)

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சில உரிமைகளை அரசு தருகிறது, சிலவற்றை ஒப்புக்கொள்ள மட்டுமே செய்கிறது. இரண்டாவது வகையில் கை வைக்கும்போது காரணம் சொல்ல வேண்டியது அரசு.

கொடுத்ததைத் திரும்பக் கேட்ட கதை

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஜூன் 27 அன்று குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது: அரசியல் சாசனத்தின் 14, 21, 22ஆம் பிரிவுகளில் உள்ள உரிமைகளுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. இவற்றில் முக்கியமானது 21. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்று சொல்லும் ஒற்றை வாக்கியம் அது.

கைதுகளுக்குப் பயன்பட்ட சட்டம் மிசா. தமிழ்நாட்டில் இதற்கு அறிமுகம் தேவையில்லை, பெயருக்கு முன்னால் அடைமொழியாகவே வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு மு.க. ஸ்டாலின் உட்படப் பலர் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கே அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார். சிறையில் நடந்ததை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பிறகு விசாரித்தது.

மிசா ஒரு தடுப்புக் காவல் சட்டம். குற்றம் செய்ததற்காக இல்லாமல், இனிமேல் ஏதாவது செய்துவிடக்கூடும் என்று கருதி முன்கூட்டியே அடைத்து வைப்பதுதான் தடுப்புக் காவல். விசாரணை இல்லை, தண்டனைக் காலம் என்று ஒன்றும் இல்லை. அதனால் உள்ளே போனவர்களின் குடும்பங்கள் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றங்களுக்கு ஓடின. பல உயர் நீதிமன்றங்கள், "21ஆம் பிரிவை நிறுத்தி வைத்தாலும், இந்தக் கைது மிசா சட்டத்தின்படியாவது நடந்ததா என்று நாங்கள் பார்க்கலாம்" என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் வழக்கு என்று இதைச் சொல்வார்கள்.

அரசின் வாதம் கேட்க எளிமையானது. தனிமனித சுதந்திரம் குடியிருக்கும் ஒரே வீடு 21ஆம் பிரிவு. அந்த வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாயிற்று. இனி எதைக் கேட்டு வருகிறீர்கள்? அப்படியே ரேஷன் கார்டுத் தர்க்கம்.

ஐந்து நீதிபதிகளில் ஒருவரான எச்.ஆர். கன்னா, அரசுத் தரப்பில் வாதாடிய அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்? அதற்கும் நிவாரணம் கிடையாதா? நிரேன் டே மழுப்பவில்லை. தன் வாதத்தின்படி, நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்றார். இது உங்கள் மனசாட்சியை உலுக்கலாம், என் மனசாட்சியையும் உலுக்குகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். ஒருவகையில் அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 'கொடுத்த உரிமை' என்ற நினைப்பைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால் எங்கே நிற்கும் என்பதை அவர் ஒரு பதிலில் காட்டிவிட்டார்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு. ஏ.என். ரே, எம்.எச். பேக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஆகிய நான்கு பேர் அரசின் பக்கம். காவலில் இருப்பவர்களை அரசு நல்ல இடத்தில் வைத்து, நல்ல சாப்பாடு போட்டு, கிட்டத்தட்டத் தாயைப் போல் கவனித்துக்கொள்கிறது என்று பேக் எழுதினார். சென்னை மத்தியச் சிறையில் இருந்தவர்கள் இதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கு விடுகிறேன்.

கன்னா மட்டும் தனியாக மாறுபட்டார். உயிரும் சுதந்திரமும் 21ஆம் பிரிவில் மட்டும் குடியிருப்பவை அல்ல என்பது அவர் தீர்ப்பின் மையம். சாசனம் எழுதும்போது புதிதாக முளைத்தவையும் அல்ல. யோசித்துப் பாருங்கள், சாசனம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. ஜனவரி 25 அன்று ஒரு கலெக்டர் எந்தச் சட்டமும் இல்லாமல் ஒருவரை உள்ளே தள்ளியிருக்க முடியுமா? முடியாது. அப்படியானால் 21ஆம் பிரிவைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் மட்டும் எப்படி முடியும்?

இங்கே ஒரு நுணுக்கம். கன்னாவை இயற்கை உரிமைக் கொடி பிடித்தவராகச் சிலர் வர்ணிப்பார்கள். அவர் பெரிதும் சாய்ந்து நின்றது சட்டத்தின் ஆட்சி என்ற கருத்தின் மேல்: ஆள்பவரும் சட்டத்துக்கு உட்பட்டவரே, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாரையும் தொடக் கூடாது. வழி வேறாக இருக்கலாம், வந்து சேர்ந்த இடம் மேன்ஸ்ஃபீல்ட் நின்ற அதே இடம்தான். காரணம் சொல்ல வேண்டியது பிடித்து வைத்தவன்.

அதற்கு அவர் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரிந்தது. 1977 ஜனவரியில் மூப்பின்படி தலைமை நீதிபதியாகியிருக்க வேண்டியவர் அவர். இளையவரான பேக்குக்கு அந்தப் பதவி போனது. கன்னா ராஜினாமா செய்தார்.

கோர்ட் கதவு பூட்டியிருந்ததன் பொருள் என்ன என்று புரிய ஒரு தகப்பனின் கதை போதும். கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீசார் பிடித்துப் போனார்கள். அவருடைய அப்பா ஈச்சரவாரியர் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பிறகு, 1977 மார்ச்சில்தான், அவரால் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட முடிந்தது. ஆளைக் கொண்டுவாருங்கள் என்றது கோர்ட். கொண்டுவர ஆள் இல்லை. கக்கயம் முகாமில் நடந்த சித்திரவதையில் ராஜன் ஓராண்டுக்கு முன்பே இறந்து போயிருந்தார். முதல்வராகப் பதவியேற்று ஒரே மாதம் ஆகியிருந்த கருணாகரன் பதவி விலக வேண்டியதாயிற்று. ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

பிறகு நடந்த திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978இன் 44ஆவது சாசனத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1976 தீர்ப்பு தவறு என்று தூக்கி எறிந்தது. உயிரும் சுதந்திரமும் அரசு தரும் கொடை அல்ல, சாசனம் அவற்றை உண்டாக்கவும் இல்லை என்று அந்தத் தீர்ப்பில் எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976இல் அரசின் பக்கம் நின்ற ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

ஆக, நாம் ஆரம்பத்தில் பார்த்த 'கொடுத்த' என்ற சொல்லுக்கு இன்று இந்தியச் சட்டத்திலேயே இடம் இல்லை. டிவியில் மட்டும் இருக்கிறது.

சட்டம் இருந்துவிட்டால் போதுமா?

இதுவரை பார்த்தது சட்டமே இல்லாமல் பிடித்து வைப்பது பற்றி. சட்டம் போட்டே பிடித்து வைத்தால்? மேன்ஸ்ஃபீல்டின் தர்க்கத்தில் இருந்த ஓட்டை இதுதான். எழுதிய சட்டம் இருந்திருந்தால் சாமர்செட் ஜமைக்கா போயிருப்பார்.

இந்தியாவில் இந்தக் கேள்வி முதலில் எழுந்தது சென்னை மாகாணத்துச் சிறை ஒன்றில் இருந்தவர் வழியாகத்தான். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், தன் தடுப்புக் காவலை எதிர்த்து 1950இல் உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் வகுத்த நடைமுறை என்றால் நியாயமான நடைமுறை என்றுதானே பொருள் என்பது அவர் தரப்பு. இல்லை, சட்டசபையோ நாடாளுமன்றமோ போட்ட சட்டம் என்றால் போதும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். அது மாற 28 ஆண்டுகள் ஆயின. மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கிய வழக்கில், 1978 ஜனவரியில், நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், இஷ்டத்துக்கு இருக்கக் கூடாது என்று கோர்ட் சொன்னது.

ஆனால் நடைமுறை ஒழுங்காகவே இருந்து, சட்டத்தின் உள்ளடக்கமே அநீதியாக இருந்தால்? இதற்கு மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை.

ரேகைச் சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911 முதல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதியச் சொன்னதால் மக்கள் வாயில் அது ரேகைச் சட்டம். ஒரு சாதியை அரசு அறிவிப்பில் சேர்த்துவிட்டால் போதும், அந்தச் சாதியில் பிறந்தவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும். இரவானால் போலீஸ் ஸ்டேஷன் திண்ணையில் போய்ப் படுக்க வேண்டிய நிலை. என்ன குற்றம் செய்தார் என்ற கேள்வியே கிடையாது. பிறந்ததுதான் குற்றம்.

உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 ஆயிற்று.

முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது அந்தச் சட்டத்துக்கு. சபையில் நிறைவேறியது, கெஸட்டில் வந்தது, பிரிவு எண் இருந்தது. சட்டம் என்றால் சட்டம்தான் என்பவர், பெருங்காமநல்லூரில் அன்று சுட்டவர்கள் கடமையைச் செய்தார்கள் என்றும் இறந்தவர்கள் குற்றவாளிகள் என்றும் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லையென்றால், எழுதிய சட்டத்துக்கு மேலே ஏதோ ஒரு அளவுகோல் உங்களிடம் இருக்கிறது என்று பொருள். அதைத்தான் இயற்கைச் சட்டம் என்கிறார்கள்: மனிதர் போடும் சட்டத்தையே எடைபோட்டுப் பார்க்கும் நியாயம். குறளின் சொற்களில் கேட்டால், வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் "கொடு" என்பதற்கும் கோலோடு நிற்கும் அரசன் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்க வேண்டும் அல்லவா?

ஜெர்மானியர்கள் இந்தக் கேள்வியை மிகக் கசப்பான வழியில் சந்தித்தார்கள். வெளிநாட்டில் வாழும் யூதர்களின் குடியுரிமையைப் பறித்து 1941 நவம்பரில் நாஜி அரசு ஓர் ஆணை போட்டது. அதுவும் எழுதிய சட்டம்தான். போருக்குப் பின், 1946இல், முன்னாள் நீதி அமைச்சரும் சட்ட அறிஞருமான குஸ்டாவ் ராட்புருக் ஓர் எல்லைக்கோடு போட்டார். சாதாரணமாக, ஒரு சட்டம் கொஞ்சம் நியாயக்குறைவாக இருந்தாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஊர் ஒழுங்காக நடக்க அது தேவை. ஆனால் அநீதி தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டால், சட்டம் நியாயத்துக்கு வழிவிட வேண்டும். 1968இல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் இதே பாதையில் போய், அந்த 1941 ஆணை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது. பின்னாளில் ரத்து செய்ததாகச் சொல்லவில்லை, என்றுமே அது சட்டமாக இருந்ததில்லை என்றது.

இதில் ஹெல்மெட்காரருக்குப் பதில் இருக்கிறது. ஹெல்மெட் விதி தொந்தரவாக இருக்கலாம், முட்டாள்தனம் என்றுகூட அவர் நினைக்கலாம். ஆனால் அது அவரை மனிதரல்ல என்று சொல்லவில்லை. ரேகைச் சட்டம் சொன்னது.

யார் தீர்மானிப்பது?

கடினமான கேள்வி. "எனக்கு இது அநீதியாகப் படுகிறது" என்று ஆளாளுக்குக் கிளம்பினால் ஊர் என்ன ஆகும்? இதற்குச் சுத்தமான விடை எனக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை. ஆனால் அனுபவத்தில் கண்ட ஒரு வழி இருக்கிறது, சட்டமறுப்பு என்று அதற்குப் பெயர். அநீதியான சட்டத்தை ஒளிந்து மீறாமல், ஊரறிய மீறி, அதற்கான தண்டனையையும் ஏற்றுக்கொள்வது. கள்ளக்கடத்தல்காரனுக்கும் சத்தியாகிரகிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒருவன் சட்டத்திடமிருந்து தப்பப் பார்க்கிறான், மற்றவர் சட்டத்தின் முன்னால் போய் நிற்கிறார்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். எந்த வழியில் போகிறார், எதற்குப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 30 அன்று உப்பு எடுத்தார், கைதானார், சிறை போனார். வழியில் இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள்.

இந்தச் சோற்று விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் 1850இல் ஒரு சட்டம் வந்தது: தப்பி ஓடிய அடிமைக்கு உதவினால் ஆறு மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். பிடிபட்டவர் தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்லக்கூட முடியாது. அந்தச் சட்டத்தையும் தார்னின் எச்சரிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம் வேறு, காலம் வேறு. ஆனால் இரண்டும் வாசலில் வந்து நிற்பவனுக்குச் சோறு போடுவதைக் குற்றமாக்கின. ஒரு சட்டம் தாங்க முடியாத எல்லைக்குப் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள நான் வைத்திருக்கும் நாட்டுப்புற அளவுகோல் இது. சாதாரண மனிதர் யோசிக்காமல் செய்யும் நல்ல காரியத்தை அது குற்றமாக்குகிறதா? ஆக்கினால் அந்தச் சட்டத்தைச் சந்தேகப்படுங்கள். இது சட்டப் புத்தகத்தில் இல்லாத விதி, என் சொந்தச் சரக்கு.

இந்தப் பகுதியின் சாரம்: சட்டமறுப்பு என்பது வாய்தா வாங்கித் தப்பிப்பது அல்ல. அநீதி தாங்க முடியாத அளவில் இருக்கும்போது, பகிரங்கமாக, விலை கொடுத்துச் செய்வது.

பொய்க்கால் என்றவரும் உண்டு

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். இயற்கை உரிமை என்ற பேச்சே பிதற்றல், பறிக்க முடியாத இயற்கை உரிமை என்பது பொய்க்கால் கட்டி நிற்கும் பிதற்றல் என்றார் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம். உரிமை என்பது சட்டத்தின் குழந்தை, சட்டம் இல்லாமல் உரிமை என்பது தகப்பன் இல்லாத பிள்ளை என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் பாதியை ஏற்கலாம். எழுதி, காவல் போட்டு, கோர்ட்டில் கேட்க வழி செய்யாத உரிமை வெறும் ஆசைதான். ஈச்சரவாரியரிடம் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

அந்த உரிமையைப் பெரிதாகப் பேசியவர்களின் கைகளும் சுத்தமில்லை. உயிர், சுதந்திரம், உடைமை என்று இயற்கை உரிமைகளை வகுத்துச் சொன்ன ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்று 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். ஆனால் விசித்திரம் பாருங்கள், பின்னால் அடிமைமுறையை எதிர்த்தவர்கள் ஜெஃபர்சனின் அதே வாக்கியத்தை எடுத்துத்தான் அவர் வர்க்கத்தையே கேள்வி கேட்டார்கள். சொன்னவரைவிடச் சொல் பெரிதாகிவிட்டது.

இன்றைக்கு இதெல்லாம் எங்கே இருக்கிறது?

மிசா போய்விட்டது, தடுப்புக் காவல் போகவில்லை. சாசனத்தின் 22ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் ஒருவரை 12 மாதம் வரை விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் மதுரைக் கிளைக்கும் வரும் ஆட்கொணர்வு மனுக்களில் பெரும்பங்கு இந்தச் சட்டத்தில் உள்ளே போனவர்களுக்காகத்தான்.

ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். சுதந்திரம், இயற்கை உரிமை என்ற பெரிய சொற்கள் எதுவும் அங்கே கேட்காது. கைதானவருக்குக் கொடுத்த ஆவணக் கட்டில் ஒரு பக்கம் ஜெராக்ஸ் சரியாக விழவில்லை. அவருக்குத் தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு தரவில்லை. அவர் அனுப்பிய மனுவுக்குப் பதில் சொல்ல அதிகாரிகள் தாமதித்ததற்கு விளக்கம் இல்லை. நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்து அந்தத் தாமதத்துக்குக் காரணம் கேட்கிறார். வக்கீல் கட்டைப் புரட்டுகிறார். காரணம் இல்லையென்றால் ஆணை ரத்து, வேறு வழக்கில் காவல் இல்லையென்றால் ஆள் வெளியே.